அறுபதுக்குப் பிறகு மூளைப் பயிற்சி: இணைப்புகளில் உண்மையில் என்ன மாறுகிறது?

அறுபது வயதைத் தாண்டிய, மூளை நோய் எதுவும் இல்லாத ஒருவர் சில மாதங்கள் முறையாகச் சிந்தனைப் பயிற்சி செய்தால் மூளைக்குள் இருக்கும் இணைப்புகள் மாறுமா? மாறும். ஸ்கேன் எடுத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் 'மூளையில் புது இணைப்புகள் முளைக்கும்' என்று பயிற்சிச் செயலிகளின் விளம்பரங்கள் சொல்லும்போது நம் மனதில் எழும் படம் வேறு, ஆய்வுகள் காட்டும் படம் வேறு. இணைப்பு கூடினாலே நல்லது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. முதுமையில் மூளைக்கு வரும் பெரிய சிக்கல்களில் ஒன்றே, கூடக்கூடாத இடத்தில் இணைப்பு கூடிவிடுவது.

மூளை இணைப்பு என்று ஆய்வாளர்கள் அளப்பது இரண்டு தனித்தனி விஷயங்களை. ஒன்று கட்டமைப்பு இணைப்பு. நியூரான்கள் எனும் நரம்பணுக்களிலிருந்து நீளும் ஆக்ஸான் இழைகள் கற்றை கற்றையாக ஓடும் பகுதிதான் வெண்பொருள். அந்த இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே நகரத் தடுமாறும். எம்ஆர்ஐ கருவியால் அந்த நகர்வின் திசையை அளந்து 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கொடுப்பார்கள். பெரிய கற்றைகளில் இந்த மதிப்பு வயதோடு இறங்கினால், இழைகளோ உறையோ தேய்கின்றன என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் பகுதியில்தான் இந்த இறக்கம் அதிகம்.

இரண்டாவது செயல் இணைப்பு. செய்திகளில் அதிகம் அடிபடுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அதனால் இது எப்படி அளக்கப்படுகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒருவர் ஸ்கேனருக்குள் 8 நிமிடம் அசையாமல் படுத்திருக்கிறார், கண் திறந்தபடி ஒரு கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு. கருவி 2 விநாடிக்கு ஒருமுறை முழு மூளையையும் படமெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 240 படங்கள். ஒவ்வொரு படமும் சுமார் 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்திலும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவோடு சேர்ந்து ஒரு சிக்னல் மெல்ல ஏறி இறங்குகிறது. ஓர் அலை முடியப் பத்து விநாடியிலிருந்து நூறு விநாடி வரை ஆகும். தலையின் பின்புறம் நடுக்கோட்டில் இருக்கும் ஒரு பகுதியின் அலையையும், நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் இருக்கும் இன்னொரு பகுதியின் அலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கினால், அந்த இரண்டுக்கும் வலுவான செயல் இணைப்பு. அவ்வளவுதான். இதில் யாரும் கம்பியைப் பார்ப்பதில்லை. 240 புள்ளிகள் கொண்ட இரண்டு கோடுகளின் ஒட்டுறவை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். ஓய்வாகப் படுத்திருப்பவரின் மூளையிலும் இடது வலது இயக்கப் பகுதிகள் இப்படி ஒத்து அலைபாய்கின்றன என்று 1995இல் பரத் பிஸ்வால் குழு காட்டியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது.

இப்படிச் சேர்ந்து அலைபாயும் பகுதிகளை வலையமைப்பு என்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு இரண்டு போதும். மேலே சொன்ன இரு நடுக்கோட்டுப் பகுதிகளைக் கொண்டது டிஃபால்ட் மோட் வலையமைப்பு. தன்னைப் பற்றி நினைப்பது, பழையதை நினைவுகூர்வது, வரப்போவதைக் கற்பனை செய்வது இதெல்லாம் நடக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும். வெளியே ஒரு வேலையில் கவனம் குவியும்போது அடங்கும். மற்றது நிர்வாக வலையமைப்பு. முன்மடலின் பக்கவாட்டுப் பகுதியும் பக்கமடலின் பின்பகுதியும் இதில் சேரும். திட்டமிடுவது, தேவையற்றதை ஒதுக்குவது, மனதில் சிலவற்றைப் பிடித்து வைத்துக் கணக்குப் போடுவது இதன் வேலை.

வயதாகும்போது டிஃபால்ட் மோட் வலையமைப்பின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் உள்ள ஒத்திசைவு குறைகிறது. கவனம் தேவைப்படும் வேலையின்போது அது அடங்க வேண்டிய அளவுக்கு அடங்குவதும் இல்லை. இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்: வலையமைப்புக்கு உள்ளே இருக்கும் ஒத்திசைவு குறைய, ஒரு வலையமைப்புக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான ஒத்திசைவு கூடுகிறது. தனித்தனி அறைகளில் நடந்த பேச்சு, சுவர் மெலிந்துபோய் ஒன்றோடொன்று கலந்து கேட்கத் தொடங்குவது போல. 20 முதல் 89 வயது வரையிலான 210 ஆரோக்கியமானவர்களிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், இந்தப் பிரிவு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு நினைவாற்றல் நன்றாக இருந்தது; வயதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. ஆகவே ஒரு பயிற்சி 'இணைப்பைக் கூட்டியது' என்று படித்தால், உடனே கேட்க வேண்டியது: வலையமைப்புக்கு உள்ளேயா, இடையிலா?

ஆரோக்கியமான முதியவர்களிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்த ஆய்வுகளில், டல்லாஸில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் மூளை நல மையம் 2015இல் வெளியிட்டதை எடுத்துக்கொள்ளலாம். 56 முதல் 71 வயது வரையிலான 37 பேர். ஒரு பாதிக்கு 12 வாரம் பயிற்சி: வாரம் ஒரு மணி நேரம் குழுவாக, அதற்கு மேல் வீட்டில் செய்ய வேண்டிய வேலை. மறுபாதி காத்திருப்புக் குழு, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்த எதிர்க்குழு. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதும் புதிர் போடுவதும் இந்தப் பயிற்சியில் இல்லை. நீளமான தகவலிலிருந்து தேவையற்றதைக் கழிப்பது, மீதியின் சாரத்தைச் சொந்தச் சொற்களில் பிழிவது, அதையே வேறு கோணங்களில் யோசிப்பது, இந்த மூன்றுதான். பயிற்சி பெற்றவர்களுக்கு ஓய்வுநிலையில் மூளையின் ரத்த ஓட்டம் கூடியது. டிஃபால்ட் மோட் வலையமைப்புக்கு உள்ளேயும் நிர்வாக வலையமைப்புக்கு உள்ளேயும் ஒத்திசைவு கூடியது. முன்மடலையும் காதுப் பக்கம் உள்ள மடலையும் இணைக்கும் இடப்பக்க வெண்பொருள் கற்றை ஒன்றின் மதிப்பும் உயர்ந்தது. கூடியது வலையமைப்புகளுக்கு உள்ளே என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்த முடிவை நான் மதிக்கிறேன். அதே சமயம் 37 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, எதிர்க்குழு சும்மா காத்திருந்தது. 'வாராவாரம் ஓர் இடத்துக்குப் போய் நாலு பேரோடு பேசியதாலேயே இது வந்திருக்கலாமே' என்ற கேள்விக்கு இந்த வடிவமைப்பில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும் ஆய்வு 2013இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. 60 முதல் 85 வயதினர் நியூரோரேசர் என்ற விளையாட்டில் வண்டியைப் பாதை விலகாமல் ஓட்டியபடியே, குறிப்பிட்ட அடையாளம் வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம். இரண்டு வேலையையும் ஒரே சமயத்தில் செய்தவர்களுக்குத் தலையின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே தீட்டா அலைகள் எனும் மெதுவான மூளை மின்னலைகளின் ஒத்திசைவு கூடியது. பயிற்சியில் இல்லாத வேறு கவனச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. அதே இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்த குழுவும் இருந்தது. கருவியும் நேரமும் அவர்களுக்கும் அதேதான், ஆனால் அந்தப் பலன் வரவில்லை. பலன் விளையாட்டில் இல்லை, இரண்டையும் சேர்த்து நடத்த வேண்டியிருந்த நெருக்கடியில் இருந்தது.

கட்டமைப்பு மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்திய ஆய்வில் இளையவர்களும் முதியவர்களும் ஏறக்குறைய ஆறு மாதத்தில், அமர்வுக்குச் சுமார் ஒரு மணி நேரமாக, நூறு நாள் நினைவு, வேகப் பயிற்சிகள் செய்தார்கள். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் முன்முனையில் வெண்பொருள் மாறியது, அதுவும் இரு வயதினரிடமும் ஒரே மாதிரி. முதியவர்களின் வெண்பொருள் உறைந்துபோனது இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

எதிர்பார்த்தது நடக்காத ஆய்வையும் சொல்ல வேண்டும். பிரான்சின் கான் நகரில் 65 வயதைத் தாண்டிய 137 பேரை மூன்றாகப் பிரித்து, 18 மாதம் ஒரு குழுவுக்குத் தியானமும், ஒரு குழுவுக்கு வேற்றுமொழிப் பாடமும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 2022இல் முடிவு வந்தது. கவனத்தோடும் உடலுணர்வோடும் தொடர்புடைய இரண்டு பகுதிகளின் கன அளவோ ரத்த ஓட்டமோ, எதிர்பார்த்தபடி தியானத்தால் கூடவில்லை. அதற்கு முன் வந்த சின்ன ஆய்வுகள் பலவும் தியானம் மூளையை மாற்றுகிறது என்றே சொல்லியிருந்தன. எதிர்க்குழுவை ஒழுங்காக வைத்து, நீண்ட காலம் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. தியானத்தால் மனம் அமைதியாகிறது என்பதற்காகச் செய்பவர்கள் தாராளமாகத் தொடரலாம். மூளை வளரும் என்பதற்காக மட்டும் தொடங்க வேண்டாம்.

ஸ்கேன் எண்கள் எங்கே ஏமாற்றும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் தலை அசைவு. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே போதும்: தொலைவில் உள்ள பகுதிகளுக்கு இடையே ஒத்திசைவு குறைந்ததாகவும், பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே கூடியதாகவும் பொய்யாகக் காட்டும். வயதானவர்கள் இளையவர்களைவிட அதிகம் அசைவார்கள். இரண்டாவது முறை ஸ்கேனருக்குள் போகும்போது பழகிவிட்டதால் அசைவு குறைந்தால், அதுவே பயிற்சியின் பலன் போலத் தெரியும். அடுத்து காபி. காஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தைக் கால் பங்கு அளவுக்குக் கூடக் குறைக்கும். முதல் ஸ்கேனுக்குக் காபி குடித்துவிட்டும் இரண்டாவதுக்குக் குடிக்காமலும் வந்தால் அந்த எண்களை ஒப்பிட முடியாது. தூக்கமும் அப்படித்தான். ஓய்வுநிலை ஸ்கேனில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்று நிமிடத்துக்குள்ளேயே விழிப்பிலிருந்து நழுவுகிறார்கள், தூங்கும் மூளையின் ஒத்திசைவு வேறு. இதற்கெல்லாம் மேலாக, இந்தச் சிக்னலே ரத்தக் குழாய் வழியாக வருவது. குழாய் விறைத்துப்போனவருக்கு நியூரான்கள் நன்றாக வேலை செய்தாலும் அலை சிறியதாகத் தெரியலாம். எனவே 'என் மூளை இணைப்பைச் சோதித்துப் பார்க்கிறேன்' என்று தனி ஒருவர் பணம் கட்டி ஸ்கேன் எடுப்பதில் பயனில்லை. குழுக்களின் சராசரியைப் பார்க்க உதவும் அளவுகோல் அது.

சரி, என்ன செய்யலாம்? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் சாரம் பிழியும் பயிற்சியைச் சொல்வேன். செலவில்லை, வாழ்க்கையில் தினமும் செய்யும் வேலைக்கு நெருக்கமானது. உங்களுக்குப் பழக்கமில்லாத துறையிலிருந்து 600 முதல் 800 சொற்கள் கொண்ட கட்டுரையை எடுங்கள். ஒருமுறை முழுக்கப் படியுங்கள், அடிக்கோடு போடாமல். இரண்டாவது முறை படிக்கும்போது பென்சிலால் அடித்துக் கழியுங்கள். குறைந்தது பாதி போக வேண்டும். பெரும்பாலானோர் இங்கேதான் தயங்குவார்கள், எல்லாமே முக்கியமாகத் தெரியும். தயங்கினாலும் கழியுங்கள். பிறகு கட்டுரையை மூடி வைத்துவிட்டு மூன்று வாக்கியம் எழுதுங்கள். மூலத்தில் இருந்த வாக்கியம் ஒன்றுகூட அப்படியே வரக் கூடாது. அந்த மூன்றை ஒன்றாக்குங்கள். கடைசியாக, அதே கட்டுரைக்கு முற்றிலும் வேறு கோணத்தில் இன்னொரு சாரம் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. தேனீக் கூட்டம் புதுக் கூட்டுக்கு இடம் தேடுவதைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். வேவு பார்க்கும் தேனீக்கள் இடங்களைப் பார்த்து வந்து நடனமாடிச் சொல்லும். மற்றவை நேரில் போய்ப் பார்க்கும். ஓர் இடத்தில் போதுமான தேனீக்கள் சேர்ந்ததும் கூட்டம் கிளம்பும். 'தேனீக்கள் நடனமாடி இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன' என்று எழுதினால் அது சுருக்கம், இன்னும் சாரமாகவில்லை. 'தலைமை இல்லாத கூட்டமும், ஒவ்வொருவரும் நேரில் சரிபார்த்துச் சொன்னால், நல்ல முடிவை எட்டும்' என்பது சாரம். தேனீயை எடுத்துவிட்டாலும் நிற்கிறது. இரண்டாவது கோணம்: 'எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்காமல், போதுமான பேர் சேர்ந்ததும் கிளம்புவதுதான் வேகத்தைத் தருகிறது.' முதல் வகை வாக்கியத்திலேயே நின்றுவிடுவதுதான் இந்தப் பயிற்சியில் பலருக்கும் நேரும் தவறு. சோதிப்பது எளிது: கட்டுரையின் பெயர்ச்சொற்களை நீக்கிவிட்டாலும் உங்கள் வாக்கியம் பொருள் தருகிறதா என்று பாருங்கள்.

இது ஏன் வேலை செய்யக்கூடும்? கழிப்பதும் பிடித்து வைப்பதும் நிர்வாக வலையமைப்பின் வேலை. தனக்குத் தெரிந்ததோடு பொருத்தி அர்த்தம் காண்பதில் டிஃபால்ட் மோட் வலையமைப்பும் பங்கெடுக்கிறது. ஒரே உட்காரலில் இரண்டும் மாறி மாறித் தீவிரமாக இயங்க வேண்டியிருக்கிறது. பதில் ஏற்கெனவே தெரிந்த பொது அறிவுக் கேள்விகளிலோ, ஆண்டுக்கணக்கில் போட்டுப் பழகிய குறுக்கெழுத்திலோ இந்த அழுத்தம் கிடைக்காது.

இரண்டாவதாக வேகப் பயிற்சி. திரையின் நடுவில் ஒரு படம், ஓரத்தில் ஒரு படம், இரண்டும் ஒரு கணம் மின்னி மறையும். நடுவில் என்ன, ஓரத்தில் எங்கே என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல மின்னும் நேரம் அரை விநாடியிலிருந்து படிப்படியாகக் குறையும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரிடம் நடந்த ஆக்டிவ் ஆய்வில் நினைவு, காரண அறிவு, வேகம் ஆகிய மூன்று பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். ஐந்தாறு வாரத்தில் 10 அமர்வு, ஒவ்வொன்றும் 60 முதல் 75 நிமிடம். பத்து ஆண்டு கழித்துக் காரண அறிவு, வேகப் பயிற்சிகளின் பலன் அந்தந்தத் திறனில் மிஞ்சியிருந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்துவிட்டது. வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மறதி நோய் அபாயம் 29 விழுக்காடு குறைவு என்று 2017இல் ஒரு பகுப்பாய்வு சொன்னது. அங்கே மறதி நோய் மருத்துவரின் முழுப் பரிசோதனையால் கண்டறியப்படவில்லை, நேர்காணலையும் சோதனை மதிப்பெண்ணையும் வைத்து வகைப்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இட நினைவு முறை, அதாவது பழகிய பாதையில் பத்து இடங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைக் கற்பனையில் பொருத்துவது, பட்டியலை நினைவில் வைக்கச் சிறந்தது. ஒரே பாதையில் அடுத்த நாளே புதுப் பட்டியலை ஏற்றினால் பழையது குறுக்கே வரும். மூன்று பாதைகளைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் குறையும்.

எவ்வளவு செய்வது என்பதில் 'அதிகம் செய்தால் அதிகம் பலன்' என்ற கணக்கு பொய்த்துவிடுகிறது. ஆரோக்கியமான முதியவர்களுக்கான கணினிப் பயிற்சி ஆய்வுகளை, மொத்தம் 4,885 பேரின் தரவை, 2014இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரிப் பலன் சிறியதுதான், ஆனால் இருந்தது. வாரம் மூன்று முறைக்கு மேல் செய்தவர்களிடம் பலன் காணவில்லை. அரை மணிக்கும் குறைந்த அமர்வுகளிலும் காணவில்லை. வழிகாட்ட ஆளில்லாமல் வீட்டில் தனியே செய்தவர்களிடமும் காணவில்லை; குழுவாகச் செய்தவர்களிடம் இருந்தது. ஆகவே வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து. சாரப் பயிற்சிக்குக் கூட ஆள் இருந்தால், இருவரும் ஒரே கட்டுரையைத் தனித்தனியாகப் பிழிந்து ஒப்பிடலாம். அந்த ஒப்பீட்டில்தான் சுருக்கத்துக்கும் சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும்.

கடினத்தைக் கூட்டிக்கொண்டே போவது கட்டாயம். பத்துக்கு ஏழெட்டு சரி வரும் இடத்தில் நில்லுங்கள். ஒன்பது பத்து வந்தால் அடுத்த படிக்கு ஏறுங்கள்; ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். நிறையப் பேர் மதிப்பெண் நன்றாக வரும் நிலையிலேயே தங்கிவிடுகிறார்கள். அங்கே மூளை பழகிய வழியில் ஓடுகிறது, மாற வேண்டிய தேவை அதற்கு இல்லை. முன்னேற்றத்தையும் பயிற்சி செய்த விளையாட்டின் மதிப்பெண்ணில் தேடாதீர்கள், அது எப்படியும் ஏறும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பயிற்சியில் வராத ஒன்றை வைத்துப் பாருங்கள்: கேள்விப்படாத தலைப்பில் கால் மணி நேரப் பேச்சு ஒன்றைக் கேட்டுவிட்டு, குறிப்பு இல்லாமல் இன்னொருவருக்கு இரண்டு நிமிடத்தில் விளக்குங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளின் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள்.

உடற்பயிற்சியை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள், இதையும் அதற்குப் பதிலாக வைக்காதீர்கள். 120 முதியவர்களிடம் ஓராண்டு நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிட வேக நடையால், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியின் கன அளவு சுமார் 2 விழுக்காடு கூடியது. டல்லாஸ் குழு பின்னர் இரண்டையும் ஒப்பிட்டபோது, சிந்தனைப் பயிற்சி முன்மடல் ரத்த ஓட்டத்தோடும், உடற்பயிற்சி நினைவு மேம்பட்டவர்களின் ஹிப்போகாம்பஸ் ரத்த ஓட்டத்தோடும் சேர்ந்து போயின. இரண்டும் வெவ்வேறு இடத்தைத் தொடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் ஆரோக்கியமானவர்களுக்கு. சற்று முன் பேசியதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய வழியில் தொலைந்துபோவது, கணக்கு வழக்கில் புதிதாகத் தடுமாறுவது தெரிந்தால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடை, காது மந்தம், சில மாத்திரைகள், எல்லாமே மறதி போலத் தோன்றும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம்.

முதல் சுற்றை 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஆண்டு முழுவதும் அதே வேகத்தில் ஓட வேண்டியதில்லை. ஆக்டிவ் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு 11ஆம் மாதத்திலும் 35ஆம் மாதத்திலும் தலா 4 அமர்வு புதுப்பிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். வேகப் பயிற்சியில் அந்தக் கூடுதல் அமர்வுகள் பலனைத் தெளிவாக உயர்த்தின. முதல் சுற்று முடிந்த அன்றே, பதினோரு மாதம் தள்ளி ஒரு வாரத்தை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.